பழுது என்று எழுதாத நர்ஸ்

அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்கு ‘ரிப்பேர் சிஸ்டர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒன்பது வருட நர்ஸ் வேலையில் எதையும் தூக்கிப்போட மனசு வந்ததில்லை. கட்டில் கால் போனால் கம்பி கட்டுவாள், குழாய் ஒழுகினால் நூல் சுற்றுவாள். "எனக்குக் காய்ச்சல் வந்தா டேப் ஒட்டிடாதே தாயே" என்று புருஷன் கும்பிடுவார்.

பிரசவ அறை வார்மரும் அவள் தயவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறந்த குழந்தைக்குச் சூடு கொடுக்கும் மேஜை அது. சூடு திடீரென்று நின்றுவிடும். ஓங்கித் தட்டினால் திரும்ப வரும். பதிவேட்டில் மட்டும் வருடா வருடம் ‘நல்ல நிலை’ என்று எழுதினாள். பழுது என்றால் மறுவாரமே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். புதியது எப்போது வரும் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அன்று வாசலில் லாரி வந்து நின்றது. நிதியாண்டு முடிய இரண்டே நாள். அரசாங்கம் ஒதுக்கிய பணத்தில் வாங்கிய வார்மர்களைச் சேர்த்துவிட வேண்டும் என்று லாரியோடு வந்த அதிகாரி பறந்துகொண்டிருந்தார். மிச்சம் ஒன்றே ஒன்று. உறைகூடப் பிரிக்காத புத்தம் புதுசு! உள்ளே ஒரு பெண் பிரசவ வலியில் இருந்தாள். இன்னும் மாதம் நிறையாத வயிறு. நர்ஸ் ஓடிப்போய் அதை இங்கேயே இறக்கச் சொல்லிக் கேட்டாள்.

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். "உங்களுக்கு எதுக்கும்மா? நல்லா ஓடுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பழுதுன்னு இருக்கிற இடத்துக்குத்தான் குடுக்க முடியும்."

போச்சு! தன் கையெழுத்தே தனக்கு எமனாக வந்து நின்றது.

"நான் எழுதினது பொய் சார். என்மேல நடவடிக்கை எடுங்க. ஆனா உள்ள வந்து பாத்துட்டுப் போங்க."

வந்தார். சுவிட்சைப் போட்டாள். அந்தப் பாழாய்ப்போன மெஷின் இன்றைக்கென்று பார்த்துச் சமர்த்தாகச் சூடு கொடுத்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். "நின்னு தொலையேன்" என்று பக்கத்தில் நின்ற பிரசவ அறை ஆயாம்மா பல்லைக் கடித்தாள். அதிகாரி வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

நர்ஸ் பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து மளமளவென்று பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே டேப், நூல், வீட்டு ஒயர், ஒரு கொண்டை ஊசி.

"கம்பெனிக்காரன் வெச்சது ஏதாவது மிச்சம் இருக்காம்மா?" என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். "இதுலயா குழந்தைங்களைப் படுக்க வெச்சீங்க?"

"வேற எதுல சார் படுக்க வைக்கிறது?"

அவர் பேனாவை நீட்டினார். "பழுதுன்னு எழுதுங்க. பொய்யா எழுதினதுக்கு விளக்கமும் குடுக்கணும்."

"பத்துப் பக்கம் தரேன் சார்!" என்று எழுதிவிட்டு வாசலுக்கு ஓடினாள். "இறக்குங்கப்பா! மெதுவா, மெதுவா!"

சாயங்காலம் பிறந்த பெண் குழந்தை உள்ளங்கை அகலம்தான் இருந்தது. புது வார்மரில் படுக்கவைத்தாள். சூடு ஒரு பொட்டும் குறையவில்லை. ஒரு மணி நேரத்தில் குழந்தையின் நீலம் பாய்ந்த பாதம் சிவந்தது. சந்தோஷம் தாங்காமல் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, நான் ஒண்ணுமே பண்ணலைங்க! சும்மா நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்!"