பதினொரு வருடம் துடைத்த தரை

பலெர்மோவில் ஆங்கிலேயர் கட்டிய விக்டோரியா காலத்துச் சிற்றாலயம் ஒன்றைப் பதினொரு வருடமாக நான்தான் துப்புரவு செய்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். கவிழ்த்துப் போட்ட வள்ளம் போல மரக்கூரை, ஒடுங்கி உயர்ந்த கூர்முனை ஜன்னல்கள், நிறக் கண்ணாடி. ஒரு பேராசிரியர் ஒரு மணி நேரம் கூரையைப் பற்றியே விளக்கினார். தரையை ஒருவரும் கவனிக்கவில்லை. சிவப்பும் கறுப்பும் கடுகு மஞ்சளுமாய்க் கப்பலில் வந்த ஓடுகள். பீடத்துப் படிக்கு முன்னால் ஓடு ஒன்றை மேசன் திருப்பிப் பதித்துவிட்டான். பூவின் காம்பு பிழையான பக்கம் பார்க்கிறது. படித்தவர்கள் கண்டார்களா? முழங்காலில் நின்று துடைத்த நான்தான் கண்டேன்.

ஜன்னல்களின் உச்சி எனக்கு எட்டாது. போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன்கடை வேலை முடிந்ததும் என் கணவர் வந்து, ஏணி வைத்துத் துடைத்துத் தருவார். அது எங்கள் சபைக் கோயில் இல்லை. ஆனாலும் அவர் இறந்த முப்பத்தோராம் நாள் செபமாலையை அங்கேதான் சொல்ல வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பொறுப்பாளர் அம்மா, நாங்கள் சொல்லும் சிஞ்ஞோரா, சம்மதித்தார். ஒரே நிபந்தனை, தரையில் யாரும் உட்காரக் கூடாது, ஓடு பழுதாகிவிடுமாம்.

அன்று நாற்பது பேர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, வரிசையாகப் போட்ட மர வாங்குகளில் இருந்தார்கள். ஒருவருக்கு மற்றவரின் முதுகுதான் தெரிந்தது. முகம் பார்க்காமல் இருந்து செபித்து என்ன துக்கம்?

"எடியே, இந்த வாங்கிலை இருந்தால் நாரி எலும்பு முறிஞ்சு நானும் அண்ணையிட்டைப் போறதுதான்," என்றாள் என் மச்சாள், கணவரின் தங்கை. "கீழை இருப்பமே?"

"ஓம், இருப்பம்."

நான்தான் முதலில் தரையில் இருந்தேன். எல்லோரும் வட்டமாக வந்து இருந்தார்கள். செபமாலையின் இரண்டாவது பத்து மணிகளைச் சொல்லும்போது சிஞ்ஞோரா உள்ளே வந்தார்.

"எழும்புங்கள்! இது பழங்காலக் கட்டடம்!"

எனக்குக் கோபம் பத்திக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன்:

"சிஞ்ஞோரா, பதினொரு வருசமா இந்தத் தரையிலை முழங்காலிலை நிண்டனான். ஒரு ஓடும் பழுதாகேல்லை. இண்டைக்கு மட்டும் பழுதாகுமோ? வேலை இல்லையெண்டால் நாளைக்குச் சொல்லுங்கோ. செபம் முடியாமல் ஒருத்தரும் எழும்ப மாட்டம்."

அவர் என்ன செய்தார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. விட்ட மணியிலிருந்து தொடங்கினேன். நாற்பது பேரும் சேர்ந்து சொன்னார்கள். எதிரே மச்சாளின் முகம், அதில் என் கணவரின் மூக்கு, அவருடைய நெற்றி. ஆஸ்பத்திரியிலும் கல்லறையிலும் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.