வரைபடத்தில் விட்டுப்போன வரி

பாலம் முடியும் இடத்தில் சாலை மூன்றாகப் பிரியும். இடப்பக்கம் ஏரி, வலப்பக்கம் காயல், நேரே போனால் கடல். அந்த முக்கில் தகரக் கூரை போட்டு இரைக் கடை வைத்திருந்தவளை ஊரே புழுக்காரம்மா என்றுதான் கூப்பிட்டது. ஏரிக்கு மண்புழு, காயலுக்கு உயிர் இறால், கடலுக்குக் கணவாய்த் துண்டு. தூண்டில் போடப் போகிறவர்கள் போகும்போது இரை வாங்குவார்கள், திரும்பும்போது கதை சொல்வார்கள். மீனின் அளவில் எல்லோரும் பொய் சொல்வார்கள். எந்த இரைக்குக் கடித்தது என்பதில் யாரும் பொய் சொல்வதில்லை. இருபத்திரண்டு வருடமாக அவள் அதைச் சலித்துச் சலித்து மனதில் சேர்த்து வைத்திருந்தாள். ஏரியில் பட்ட மரங்கள் நிற்கும் மூலையில் மழைக்கு மறுநாள் கெளுத்தி. காயலில் தண்ணீர் ஏறும்போது மடவை. கடலுக்குள் கரையிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் பாறைத்திட்டில் கலவா.

கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வாள். கடலுக்குப் போகிறவர்களிடம் மட்டும் ஒரு வரி கூடுதலாக வரும்.

"தண்ணி வத்தும்போது முகத்துவாரத்தைத் தாண்டாதீங்க. காயல் தண்ணியும் கடல் அலையும் முட்டிக்கிற இடம் அது. ஏறுற வரைக்கும் பேசாம உக்காந்திருங்க."

அவளுடைய அத்தான், அக்காவின் வீட்டுக்காரர், கப்பல் ஆபீஸில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாகத் தினமும் கடைக்கு வந்து பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று இவளும் டீ வாங்கிக் கொடுத்தாள். ஒரு நாள் வழவழப்பான தாளில் மீன் கிடைக்கும் இடங்களின் வரைபடம் ஒன்று வெளிவந்தது. முன்பக்கம் முழுக்க அத்தான் முகம். கீழே, 'மூன்று நீரிலும் இருபத்தைந்து ஆண்டு அனுபவம்'. ஊரிலுள்ள ஒன்பது லாட்ஜிலும் வரவேற்பு மேஜையில் கட்டுக்கட்டாக வைத்திருந்தார்கள்.

"அத்தான், தூண்டில்ல முள்ளு எந்தப் பக்கம் கட்டணும்னாவது தெரியுமா உங்களுக்கு?"

"கோவிச்சுக்காதம்மா. நீ எழுதியா வச்சிருந்த? காத்தோட போனதை நான் பிடிச்சு வச்சேன்."

அவர் நீட்டிய பிரதியைப் பிரிக்காமலேயே இறால் தொட்டிக்கு அடியில் சொருகினாள்.

"படிச்சுப் பாத்துட்டாவது திட்டு," என்றார் அவள் கணவர். கடைக்குப் பின்னால் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், எதற்கும் பதறாதவர்.

"அந்த மூஞ்சியைப் பிரிச்சு வேற பாக்கணுமா?"

நாற்பது நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணி இருக்கும். பாலத்தின் மேலிருந்து யாரோ கத்தினார்கள்: முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்துவிட்டது. புழுக்காரம்மாவும் கணவரும் எஞ்சின் படகை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். வாடகைப் படகில் போன வெளியூர்க்காரர்கள், மாமனாரும் மருமகனும். மருமகன் கவிழ்ந்த படகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். மாமனாரை அலை முகத்துவாரத்தின் ஓரத்துக் கல்வரிசையில் மோதி மோதி எடுத்தது. மூன்றாவது முறை கிட்டே போனபோதுதான் அவர் சட்டைக் காலர் அவள் கைக்குக் கிடைத்தது. தூக்கிப் போட்டபோது அவருடைய வலது கை இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"தண்ணி வத்துற நேரத்துல இங்க யாருய்யா வரச் சொன்னது?"

மருமகன் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்த வரைபடத்தை எடுத்தான். "இதுல நேரா போகலாம்னு போட்டிருந்துச்சு."

அப்போதுதான் அதை முதல்முறையாகப் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. பட்ட மரங்கள், மறுநாள் கெளுத்தி, அவள் பேசிய மாதிரியே. காயலிலிருந்து பாறைத்திட்டுக்கு முகத்துவாரம் வழியாக ஒரு சிவப்பு அம்பு. தண்ணீர் வற்றுவதைப் பற்றி மட்டும் ஒரு எழுத்துகூட இல்லை.

பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்த துணியோடு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒரு வரி எங்க?"

"எந்த வரி?"

"வத்தும்போது தாண்டாதீங்கன்னு ஆயிரம் தடவை என் வாயால கேட்டீங்களே, அது."

"அதெல்லாம் போட்டா ஜனங்க பயந்துடுவாங்க. எடமும் பத்தலை."

"உன் மூஞ்சிக்கு மட்டும் எடம் பத்துச்சா?"

உள்ளேயிருந்து அக்கா ஓடி வந்தாள். "யாரைப் பாத்து நீ வா போன்னு பேசுற?"

"உன் புருஷனைப் பாத்துதான்."

மறுநாள் கடையைச் சாத்திவிட்டுச் சிவப்புப் பேனாவோடு கிளம்பினாள். முதல் லாட்ஜ் மேனேஜர், அத்தானைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று தடுத்தார். "சரி, கேட்டு வைங்க," என்று வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்துகொண்டாள். கணவாய் நாற்றம் ஊறிப்போன துணி. அரை மணி நேரத்தில் மேனேஜரே ஜன்னலைத் திறந்துவிட்டு, வரைபடக் கட்டுகளை அவள் மடியில் கொண்டுவந்து வைத்தார். மூன்று நாளில் ஒன்பது லாட்ஜ். ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் அந்த வரியை எழுதினாள். கடைசி நாள் விரல் மடங்கவில்லை. கணவர் எழுதினார், அவள் பக்கத்தில் இருந்து பிழை திருத்தினாள்.

கோபம் அத்தான் மேல் மட்டும் இல்லை. "நாப்பது நாள் என் கடைக்குள்ளயே கிடந்துச்சே. ஒரு தடவை பிரிச்சிருந்தா?" என்று கணவரிடம் கேட்டாள். அவர் எஞ்சினைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்கும் எரிந்து விழுந்தாள். மருமகன் பழக்கூடையோடு நன்றி சொல்ல வந்தபோது, "தாண்டுறதுக்கு முன்னாடி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று அவனையும் விடவில்லை. பெரியவருக்கு எலும்பு கூடிவிட்டது, ஆனால் அந்தக் கையால் இனித் தூண்டில் வீச முடியாது என்று அவன்தான் சொன்னான்.

அடுத்த அச்சில் அந்த வரி கொட்டை எழுத்தில், கட்டம் கட்டி வந்தது. அத்தானின் முகம் அப்படியே இருந்தது. நாலு மாதம் பேசாமல் இருந்த அக்கா ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள்.

"இனிமே அச்சடிக்கிறதுல உன் பேரும் போட்டுடறேன்னு சொல்றார். போதுமா? வீட்டுக்கு வா."

"அந்த மூஞ்சிக்குக் கீழ என் பேரா? வேண்டாம்னு சொல்லு."

"அப்போ என்னதான்டி வேணும் உனக்கு?"

"ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெரியவர் கால்மாட்டுல நின்னாரா உன் வீட்டுக்காரர்? ஒரு தடவை?"

அக்கா குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். இவள் கூப்பிடவில்லை. தொட்டியில் செத்து மிதந்த இறால்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தேவைக்கு மேல் வேகமாக வெளியே வீசினாள்.