தொடர்ந்து விவாதிக்கவும்

கல்வி வரலாற்றையே முன், பின் என்று இரண்டாகப் பிளந்த மாபெரும் நிகழ்ச்சி ஒன்றை இதனால் சகலருக்கும் அறிவிக்கிறோம்: எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் மாணவர்களுக்காக இணைய விவாதப் பலகை தொடங்கினார். சிரிக்க வேண்டாம். இனி வருவதில் ஒரு சொல்கூடக் கற்பனையில்லை. வகுப்பே சாட்சி.

ஆசிரியர் அறையில் அவருக்குப் பட்டப்பெயர் 'புரட்சி'. "வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையும் இங்கே பேசும்!" என்று கூட்டந்தோறும் முழங்குவார். பேசத்தான் செய்தார்கள். அத்தனையும் படிக்க யாருக்கு நேரம்? யார் எதை எழுதினாலும், அவர் பெயரில் தானாகவே ஒரு பதில் போய் விழும்படி ஏற்பாடு செய்துவிட்டார்: 'அருமையான கருத்து! தொடர்ந்து விவாதிக்கவும்.'

"படிக்காமலே பாராட்டுறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்ல சார்," என்றார் கணக்கு டீச்சர்.

"பொறாமை, டீச்சர்!"

அன்று மதியம் தலைமையாசிரியை பார்வையிட வந்தார். வெளியே மழை இருட்டு. கணினி அறையில் பிள்ளைகள் தட்டத் தட்ட, சுவரின் பெரிய திரையில் நீர்ச் சிக்கனம் பற்றிய கருத்துகள் ஏறிக்கொண்டிருந்தன. புரட்சிக்குத் தலைகால் புரியவில்லை.

மணி 2.10. திரையில் ஒன்று வந்தது.

'சார், வலி தாங்க முடியல.'

எழுதியது கடைசி வரிசைப் பெண். கேள்வி கேட்டால் திக்கித் தலைகுனிந்துவிடுவாள். "இங்க எழுதும்மா, யாரும் சிரிக்கமாட்டாங்க" என்று அவளைப் பலகையில் சேர்த்ததே இவர்தான். ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. வீட்டிலிருந்து எழுதுகிறாளோ...

அடியில் விழுந்தது: 'அருமையான கருத்து! தொடர்ந்து விவாதிக்கவும்.'

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"என்ன சார் இது?" என்றார் தலைமையாசிரியை.

"தலைப்பு மாத்திப் போட்டுட்டா மேடம்... எல்லாரும் கையை எடுங்க!"

எடுத்தார்கள்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

டக்... டக்... டக்...

கடைசி வரிசை. காலி நாற்காலி. அந்தக் கணினியின் ஒயர் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. விசைகள் மட்டும் அமுங்கி எழுந்தன.

'தொடர்ந்து விவாதிக்கிறேன் சார்.'

பாராட்டு விழுந்தது.

மறுபடி அதே வரி.

பாராட்டு.

அதே வரி...

"நிறுத்துங்க சார்!" என்று கத்தினார் தலைமையாசிரியை.

புரட்சி மெயின் சுவிட்சை இழுத்தார். இருட்டு.

டக்...

மாலையில் அவள் வீட்டுக்குப் போன் செய்தார். அப்பா எடுத்தார்.

"மத்தியானம் ரெண்டு மணிக்குப் போயிட்டா சார். குடல்வால் வெடிச்சிருச்சாம். பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறான்னு நாங்கதான்... வேற யார்கிட்டயாவது சொன்னியாம்மான்னு கேட்டேன். சாருக்கு எழுதியிருக்கேன், பதில் போட்டிருக்கார்னா."

புரட்சி பலகையைத் திறந்தார். முதல்முறையாகப் படித்தார்.

'வயிறு வலிக்குது சார்.'

'வீட்ல நம்பல சார்.'

'நீங்க அப்பாகிட்ட சொல்லுங்க சார்.'

ஒவ்வொன்றின் கீழும் அவர் பெயர். அவர் பாராட்டு.

அவ்வாண்டின் சிறந்த விவாதப் பலகைக்கான கேடயம் அந்தப் பள்ளிக்கே கிடைத்தது. 'எந்த மாணவரும் பதிலின்றி விடப்படவில்லை' என்று அதில் பொறித்திருந்தார்கள். வாங்கப் புரட்சி போகவில்லை.

தலைமையாசிரியை போய் வாங்கி வந்தார்.