இருபத்தேழாவது கேள்வி

பாதியில் கல்லூரியை விட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, ஏன் விட்டார்கள் என்று கேட்டு எழுதுவது எனக்குக் கிடைத்த வேலை. ஏழைப் பிள்ளைகள் பட்டத்தை முடிக்க என்ன செய்யலாம் என்று ஒரு ஆராய்ச்சி. முடிவை யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுவார்கள்; திருப்பூர் வெயிலில் லைன் வீடுகளில் ஏறி இறங்குவது நான். பனியன் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் ஞாயிறு மத்தியானம்தான் கிடைப்பார்கள், அதுவும் துணி துவைக்கிற நேரத்தில்.

அப்படிப் போன ஒரு வீட்டில் ஒரு பெண். குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. பி.காம். கடைசி வருடத்தில் அம்மாவுக்கு முதுகு போய்விட, இவள் படிப்பை நிறுத்திவிட்டுச் செக்கிங் வேலைக்குப் போனாள். தைத்து வரும் பனியனில் பிசிறும் ஓட்டையும் பார்த்து ஒதுக்க வேண்டும், நாள் முழுக்க நின்றபடி. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். எனக்குத்தான் பொறுமை இல்லை. அன்றைக்கு அது ஒன்பதாவது வீடு. இருபத்தேழாவது கேள்வியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாசித்தேன்: வாய்ப்பு கிடைத்தால் மீண்டும் கல்லூரியில் சேர விருப்பமா?

அவள் உள்ளே போய் அம்மாவிடம் பேசிவிட்டு வந்து, "சேருதேன்க்கா" என்றாள். 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டேன். போன் நம்பர் கேட்டாள், கொடுத்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டாள். கம்பெனியில் சொல்லிவிட்டு நின்றுவிட்டாளாம். எப்போது வர வேண்டும் என்று கேட்டாள். இது வெறும் கணக்கெடுப்பு, சேர்த்துவிடுகிற இடத்தில் நான் இல்லை என்று சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"அப்போ அதை எதுக்குக்கா கேட்டிய?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவளோடு கம்பெனிக்குப் போய்க் கெஞ்சினேன். சூப்பர்வைசர் தன்மையாகத்தான் பேசினார். "ஏனுங்க மேடம், அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சுங்களே." கல்லூரியில் விசாரித்தால், அடுத்த ஜூனில் வரச் சொன்னார்கள். அதுவரை அவள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? இரண்டு வாரம் அலைந்து, இன்னும் தள்ளி ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்துகொண்டாள். ஜூனைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள் என்று அலுவலகத்தில் சொன்னேன். கேள்வி ஃபாரம் அச்சாகிவிட்டது என்றார்கள். இன்னும் ஒரு கட்டு பாக்கி இருக்கிறது. வீடு வீடாகப் போகிறேன், இருபத்தாறு கேள்வியோடு எழுந்துவிடுகிறேன். தெருவுக்கு வந்த பிறகு கடைசிக் கட்டத்தில் நானே 'ஆம்' போட்டுவிடுகிறேன்.