அப்பாவிடமிருந்து வராத பிரதி

அக்காள் மகளுக்கு நான்கு வயதில் அந்தப் பசி தொடங்கியது. சாப்பிட்டு முடித்த தட்டோடு மறுபடியும் அடுப்படியில் வந்து நிற்பாள். தம்போய் நகரில் அக்காள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஐஸ் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள். பிறந்தபோதே துவண்டு கிடந்த பிள்ளை. பால் உறிஞ்சக்கூட வலுவில்லை. அக்காளின் மாமியாரிடம் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் இருந்தது.

"எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடயாது. எல்லாம் பெத்தவ வயித்துக் கோளாறு."

நான் ஸ்கூடாயில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். முதல் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த வாரம், யாரும் அழைக்காமலே அந்த வீட்டுக்குப் போனேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு கோடுகள் போட்டு விளக்கினேன். மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வரும். பாலூட்டிகளில் சில இடங்களில் ஒரு பிரதி பேசாது. இந்தப் பசியோடு தொடர்புள்ள இடத்தில் அம்மாவின் பிரதி எல்லோருக்குமே ஊமைதான். அப்பாவின் பிரதிதான் வேலை செய்ய வேண்டும். பிள்ளையிடம் அது வேலை செய்யவில்லை.

"அப்ப எம் மவன் மேல குத்தம்ங்கிறியா?"

"டெஸ்ட் சொல்லுது, அத்தை."

இது யார் குற்றமும் இல்லை, தற்செயல் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அந்த அம்மாள் வாயடைத்து உட்கார்ந்திருந்தது எனக்கு அவ்வளவு இனித்தது.

அன்றிலிருந்து அத்தான் மகளைத் தூக்கவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு அக்காளும் அத்தானும் ரத்தம் கொடுத்தார்கள். பிள்ளையிடம் அந்த இடம் இருக்கும் குரோமோசோமின் இரண்டு பிரதிகளுமே அக்காளுடையவை. அப்பாவுடையது கருவிலேயே நழுவிப்போயிருந்தது.

"அட அலமாக், ரெண்டுமே ஒங்க அக்காவோடதா?" என்றார் மாமியார்.

அவசரமாகத் தற்செயலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"படிச்ச புள்ள லா, கோடு போட்டுக் காட்டு," என்று சிரித்தார் மாமியார்.

அத்தான் சிரிக்கவில்லை. "அதுல நான் இல்லைன்னு பேப்பரே சொல்லுதுல்ல," என்றார்.

மற்ற இருபத்திரண்டு குரோமோசோம் சோடிகளிலும் பாதி அவர்தான். மூக்குகூட அவருடையது. அதைக் கேட்க அங்கே யாருமில்லை.

அக்காளும் மகளும் இப்போது ரெங்கத்தில், எங்கள் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவள் அக்காள். மலாயில் மருத்துவமனைக் கடிதம் வந்தால் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்ணிடம் எடுத்துப்போய்ப் படிக்கச் சொல்கிறாள், நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.