பொத்தான் இல்லாத பஸ்

போன விடுமுறைக்குப் பாரிஸிலிருந்து நானும் மகளும் இந்து சமுத்திரத்திலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குப் போனோம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் எங்கு போனாலும் பஸ்தான்.

முதல் நாள் மாலை, மலையிலிருந்து கடைசி பஸ்ஸில் கீழே வந்துகொண்டிருந்தோம். எங்கள் விடுதி தூரத்தில் தெரிந்ததும் பாரிஸில் போலவே எழுந்து, பஸ்ஸை நிறுத்தும் பொத்தானைத் தேடினேன்.

"எங்கை பிள்ளை பொத்தான்?"

அப்படியொன்று இல்லவே இல்லை. விடுதியைத் தாண்டிவிடப் போகிறது என்று மகள் பிரெஞ்சில் கத்தினாள். தெரியாத ஊர், இருட்டப் போகிறது. பதற்றத்தில் எனக்குப் பிரெஞ்சு வரவில்லை. யாழ்ப்பாணத்து மினிபஸ்ஸில் பள்ளிக்கூடம் போன நாட்களில், இறங்க வேண்டுமென்று கொண்டக்டரிடம் கத்தும் குரல்தான் வந்தது.

"அண்ணை, இறக்கம்!"

பக்கத்துப் பெண் சிரித்தபடி இரண்டு முறை கைதட்டினார். பஸ் நின்றது. அங்கே இறங்குவதென்றால் கைதட்ட வேண்டுமாம். மிதிபலகையில் தொங்கியபடி எங்களுக்காகத் தகரத்தில் தட்டும் கொண்டக்டர் நினைவுக்கு வந்து, கண் கலங்கிவிட்டது.

இப்போதெல்லாம் புது ஊரில் பஸ் ஏறினால், முன்னால் இறங்குபவர்கள் எப்படி நிறுத்துகிறார்கள் என்று முதலில் கவனிக்கிறேன். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் நெருங்கும்போது பொத்தானை நான்தான் அமத்துகிறேன். எதற்கும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் மகள், அப்போது மட்டும் என் காதுக்குள் சொல்கிறாள்: "அண்ணை, இறக்கம்!"