ஞானபாய் கேட்ட ஜன்னல்

எங்கள் மயிலாடியில் ஞானபாயைத் தெரியாதவர்கள் குறைவு. முப்பத்தொரு வருடம் அங்கன்வாடி டீச்சராக இருந்தவர். இன்று கல்யாணம் முடிந்து பிள்ளை பெற்றுவிட்ட பலருக்கு, ஒரு காலத்தில் மூக்குத் துடைத்துவிட்டுச் சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். ஒருமுறை பிள்ளைகளுக்கு வந்த முட்டைகள் கெட்டுப்போயிருந்தன. "வேகவெச்சா தெரியாது டீச்சர்" என்று கொண்டுவந்தவன் சொன்னான். ஞானபாய் அந்த முட்டை அட்டையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். மேலதிகாரியின் மேஜை மேல் வைத்து, அவர் கண் முன்னாலேயே நான்கு முட்டைகளை உடைத்துக் காட்டினார். நாற்றத்தில் அறையில் யாராலும் உட்கார முடியவில்லை. அடுத்த நாளே நல்ல முட்டை வந்தது.

கணவர் ஜெபதாஸ் வேறு மாதிரி. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. இருபத்து நான்கு வருடம் வெளிநாட்டுப் பயணிகள் கப்பல்களில் அறைப் பணியாளராக வேலை பார்த்தார். படுக்கை விரிப்பது, குளியலறை கழுவுவது, துண்டை அன்னப்பறவை போல மடித்து வைப்பது. வருடத்தில் இரண்டு மாதம் ஊரில் இருப்பார். மகள் ஜினிஷா பிறந்தபோது அவர் எங்கோ நார்வே பக்கம் இருந்தார். அவள் பத்தாம் வகுப்பு எழுதியபோதும் கடலில்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "ஏட்டி, இன்னைக்குக் கடல் கண்ணாடி மாதிரி கெடக்கு. ஒரு அலை இல்ல." இன்னொரு வாரம், "ரெண்டு திமிங்கலம் பக்கத்துல வந்துட்டுப் போச்சு, கேட்டியா?" ஞானபாய் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்பார். அவருடைய கல்யாண வாழ்க்கையில் பெரும்பகுதி அந்தப் போனில் கேட்ட கடல்தான்.

கொரோனா வந்ததும் கப்பல்கள் நின்றன. ஜெபதாஸை வீட்டுக்கு அனுப்பினார்கள்; திரும்பக் கூப்பிடவில்லை. ஞானபாயும் ஓய்வு பெற்ற பிறகு, பெங்களூரில் இருக்கும் ஜினிஷாவும் மருமகன் லிஜோவும் ஒரு யோசனை சொன்னார்கள். கொச்சியில் ஏறி, லட்சத்தீவு வழியாக மும்பையில் இறங்கும் ஒரு சொகுசுக் கப்பல். நான்கு ராத்திரி. முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவர்கள் தரும் பரிசு.

ஜெபதாஸ் முதலில் சிரித்தார். "எனக்குக் கப்பலா? தின்னுட்டுத் தூங்குறதுக்கா?" ஆனாலும் அவருக்கு ஆசைதான். அன்று சாயங்காலம் கப்பலின் வரைபடத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஞானபாய் சாதாரணமாகத்தான் கேட்டார். "உங்களுக்க ரூம்ல இருந்து பாத்தா கடல் எப்பிடி இருக்கும்?"

"எனக்க ரூம்லயா?" ஜெபதாஸ் நிமிராமலே சொன்னார். "எங்களுக்கு ஏது ஜன்னல்? தண்ணி மட்டத்துக்கும் கீழயாக்கும் நாங்க கெடப்போம். ஒரு ரூம்ல நாலு பேரு. ராத்திரியா பகலான்னு வாச்சு பாத்தாத்தான் தெரியும்."

"பின்னே போன்ல சொன்னதெல்லாம்?"

"அது பேசஞ்சர் ரூம்ல பாத்தது. தலையணை உறை மாத்தும்போ ஒரு நிமிஷம் கெடைக்கும். திமிங்கலத்த நான் பாக்கல்ல. ஒரு கிழவி பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொன்னா."

அவர் குறையாகச் சொல்லவில்லை. இட்லிக்கு என்ன சட்னி என்று சொல்வதுபோலச் சொன்னார். ஞானபாய் எழுந்து போனார். அன்று சமையலறையில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே உருண்டன.

மறுநாள் நாகர்கோவிலில் வினோஜின் டிராவல்ஸ் ஆபீசுக்கு இருவரும் போனார்கள். வினோஜ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான்.

"ஆன்ட்டி, இது ஆறாம் தட்டு, அதாவது ஆறாம் மாடி. ஜன்னல் உண்டும். ஆனா வெளியில லைஃப்போட் தொங்கும். இதுக்கு அப்ஸ்ட்ரக்டட் வியூன்னு பேரு. அதே தட்டுல கொஞ்சம் முன்னால தள்ளிப் போனா மறைப்பு இல்ல, முழுக் கடலும் தெரியும். அது ஓஷன் வியூ. காசு கூடும்."

"லைஃப்போட் ரூம் போதும் தம்பி" என்றார் ஜெபதாஸ். "நான் பாத்திருக்கேன். கட்டிலு அதேதான், குளிமுறி அதேதான். ரெண்டு படகுக்கு நடுவுல கொஞ்சம் கடலும் தெரியும்."

"கொஞ்சம் கடலு எனக்கு வேண்டாம்" என்றார் ஞானபாய்.

"ஏட்டி, ரூம்ல தூங்கத்தானே போறோம்? கடல் பாக்கணும்னா மேல் தட்டுக்குப் போனாப் போதும்."

"இஞ்ச பாருங்க. இருவத்து நாலு வருஷம் ஊருல உள்ளவனுக்கெல்லாம் கடல் தெரியுத ரூமுக்கு விரிப்பு மாத்தினது நீங்க. இப்ப நீங்களே பேசஞ்சராப் போகும்போ படகுக்க முதுகப் பாத்துட்டுப் படுக்கணுமா?" வினோஜ் பக்கம் திரும்பினார். "மக்கா, முழுசாத் தெரியணும். மறைப்பு ஒண்ணும் வேண்டாம். கூடுதல் காசு எனக்க பணத்துல இருந்து நான் தாறேன்."

விஷயம் குடும்பத்துக்குள் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஜெபதாஸின் தங்கை கிரேசி வீட்டுக்கே வந்துவிட்டாள். "மைனி, கடல்தான் பாக்கணும்னா இராஜாக்கமங்கலத்துக்கு ஒரு பஸ் போதுமே? இதுக்குப் போயா இவ்ளோ பிடிவாதம்?"

"கரையில நின்னு பாத்தா மூணு பக்கமும் கரைதான். நான் நடுவுல இருந்து பாக்கணும். காலையில கண் முழிச்சதும் பாக்கணும், பல்லுகூடத் தேய்க்காம பாக்கணும்."

"அறுபது வயசுல?"

"அம்பதுல ஆரும் கூட்டிட்டுப் போகல்லியே."

ஜினிஷாவும் போனில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "அம்மா, நாங்க ஹனிமூன் போனப்பகூட ஜன்னலே இல்லாத ரூம்தான் எடுத்தோம்." ஞானபாய் சிரித்தார். "அது உங்களுக்கு வேண்டாம்னு இருந்திருக்கும். எனக்கு வேணும்."

ஜனவரி மாதம் கொச்சியில் கப்பல் ஏறினார்கள். இருவர் கழுத்திலும் அடையாள அட்டை. ஜெபதாஸ் புதுச் சட்டை போட்டிருந்தார். வழியில் சீருடையில் நின்றவர்கள் ஒவ்வொருவரும் "வெல்கம் சார்" என்றபோது, அவரும் கூச்சத்தோடு அதைவிடக் கூடுதலாகத் தலை குனிந்தார். அறைக் கதவை அவர்தான் திறந்தார். ஞானபாய் நேராக ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கினார்.

ஜன்னல் முழுக்க ஆரஞ்சு நிறம். ஒரு பெரிய படகின் வயிறு கண்ணாடிக்கு ஒரு முழ தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு, கொக்கி, எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதிய எண். கழுத்தை வளைத்துப் பார்த்தால் மேலே நாலு விரல் அகலத்துக்கு வானம். கடல் இல்லவே இல்லை.

"பெட்டியத் தூக்குங்க" என்றார் ஞானபாய்.

வரவேற்பு மேஜையில் இருந்த இளைஞன் டிக்கெட்டைப் பார்த்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தான், புன்னகையோடு ஆங்கிலத்தில் விளக்கினான். அவர்கள் பதிவு செய்த அறையில் குழாய் உடைந்து தண்ணீர் கசிகிறது. அதனால் அதே தட்டில், அதே அளவில் வேறு அறை தரப்பட்டிருக்கிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம், அதற்கு ஈடாக ஒரு ஸ்பெஷல் டின்னர் உண்டு.

ஜெபதாஸ் தமிழில் சொன்னார். ஞானபாய் கேட்டுவிட்டுப் பதில் சொன்னார். "அளவு அதேதான். காட்சி அது இல்ல. நாங்க காசு குடுத்தது கடலுக்கு. கடலு தெரியுத ரூம் வேணும்னு சொல்லுங்க."

ஜெபதாஸ் அந்தப் பையனிடம் திரும்பினார். என் மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம் சார், சிரமத்துக்கு சாரி சார், ஏதாவது வழி இருக்குமா சார், என்று ஆங்கிலத்தில் குழைந்தார்.

ஞானபாய்க்கு ஆங்கிலம் பேச வராது. ஆனால் சாரி என்ற சொல் புரியும். "சாரி எதுக்குச் சொன்னீங்க? நான் சாரி சொல்லல்லியே."

"ஏட்டி, பைய பேசு. ஆளுகள் பாக்குது. பாவம், அந்தப் பையன் என்ன செய்வான்? எனக்குத் தெரியும் இந்த வேலை."

"பையன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. அவனுக்கு மேல உள்ளவன வரச் சொல்லுங்க. நான் சொன்னத அப்படியே சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

சொல்லிவிட்டு எதிரே இருந்த சோபாவில் போய் உட்கார்ந்தார். பெட்டியைக் காலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பளபளவென்று கண்ணாடி விளக்குகள் தொங்கும் கூடம் அது. நடுவில் ஒருவன் பியானோ வாசித்துக்கொண்டிருந்தான். தட்டில் பழச்சாறு ஏந்தி வந்த பெண்ணிடம் வேண்டாம் என்று தலையாட்டினார். பாதுகாப்புப் பயிற்சிக்கான மணி அடித்தது. அதற்கு மட்டும் எழுந்து போனார். உயிர் காக்கும் சட்டையை எப்படிக் கட்டுவது என்று கவனமாகப் பார்த்துக்கொண்டார். முடிந்ததும் திரும்பி வந்து அதே சோபாவில் உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து மேலாளர் வந்தார். கோட்டு, தோளில் பட்டை. இந்த முறை இரண்டு டின்னர், கூடவே மசாஜும் என்றார். மறைப்பு உள்ள அறைக்கும் இல்லாத அறைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, பல பயணிகள் கவனிப்பதுகூட இல்லை என்றும் சொன்னார்.

ஜெபதாஸ் மனைவியைப் பார்த்தார். ஞானபாய் சோபாவை விட்டு அசையவில்லை. சொல்ல வேண்டியதை முன்பே சொல்லியாயிற்று என்பதுபோல இருந்தார்.

ஜெபதாஸ் மேஜைக்கு அருகில் போனார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: "நான் இருபத்து நான்கு வருடம் கப்பல் அறைகளைச் சுத்தம் செய்தவன். எது கடல் தெரியும் அறை, எது தெரியாத அறை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்தது நாங்கள் வாங்கிய அறை அல்ல. வாங்கியதைத் தாருங்கள்." ஒரு சார்கூடச் சேர்க்கவில்லை.

பிற்பாடு இருவரும் இதைத் தனித்தனியாக என்னிடம் சொன்னபோது ஓர் இடத்தில்தான் மாறினார்கள். மேஜையை ஓங்கித் தட்டினார் என்கிறார் ஞானபாய். கையைச் சும்மா வைத்தேன் என்கிறார் ஜெபதாஸ்.

மேலாளர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு எந்தக் கப்பல், எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். ஜெபதாஸ் சொன்னார். மேலாளர் உள்ளே போய் யார் யாருக்கோ போன் செய்தார். கொச்சியில் ஏற வேண்டிய ஒரு குடும்பம் வரவில்லை. ஏழாம் தட்டில் முன்பக்கம் ஓர் அறை காலியாக இருந்தது. சாவி அட்டையை நீட்டினார்.

"முதல்ல பாக்கணும். பாத்துட்டுத்தான் வாங்குவோம்" என்றார் ஞானபாய். இதை ஜெபதாஸ் அப்படியே மொழிபெயர்த்தார்.

ஏழாம் தட்டின் அறையில் திரையை இழுத்ததும் கடல் நேரே வந்து நின்றது. கப்பல் துறைமுகத்தைத் தாண்டியிருந்தது. மேற்கே வெயில் இன்னும் மிச்சமிருந்தது. மறைக்க ஒரு கயிறுகூட இல்லை. ஞானபாய் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

பின்னால் ஏதோ சரசரத்தது. ஜெபதாஸ் குனிந்து, படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவி, மூலையை மடித்துச் செருகிக்கொண்டிருந்தார்.

"அத விடுங்க. அதுக்கு ஆளு உண்டும். இஞ்ச வந்து இரிங்க."

அவர் வந்து உட்கார்ந்தார். முதலில் முதுகு நேராக, யாரோ கூப்பிடுவார்கள் என்பதுபோல. கொஞ்ச நேரத்தில் செருப்பைக் கழற்றினார். தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்தார். தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு வந்து, பெரிதாகி, மறைந்தது. வெயில் தண்ணீரில் இறங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்ளோ நேரம் சேர்ந்தாப்ல நான் பாத்ததில்ல" என்றார் ஜெபதாஸ்.

"இனியும் மூணு நாள் கெடக்கு. பாருங்க."

மறுநாள் காற்று கொஞ்சம் வலுத்தது. ஜெபதாஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஞானபாய்க்குத் தலை சுற்றி, வயிறு புரட்டி, காலையில் குடித்த காபி வெளியே வந்தது. மத்தியானம்வரை கட்டிலில் சுருண்டு கிடந்தார். ஜெபதாஸ் நெற்றியைத் துடைத்துவிட்டு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து மோக்கக் கொடுத்தார்.

"அலை ஆடுறது பாத்தா இன்னும் கூடும். கர்ட்டன இழுத்துப் போடட்டா?"

"கர்ட்டன்ல கை வெச்சுப் பாருங்க" என்றார் ஞானபாய், கண்ணைத் திறக்காமலே.

அவர் கை வைக்கவில்லை. சாயங்காலம் ஞானபாய் எழுந்து முகம் கழுவி, தயிர்சாதம் கேட்டுச் சாப்பிட்டார். லட்சத்தீவில் இறங்கிப் பவளப்பாறை பார்த்தார். மும்பையில் இறங்குகிற அன்று காலை, ஆசைப்பட்டபடியே பல் தேய்க்காமல் கடலைப் பார்த்தார். பிறகு கொங்கண் வழியாக ரயிலில் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு வினோஜ் போன் செய்து மன்னிப்புக் கேட்டான். ஞானபாய் கோபிக்கவில்லை. "ஒனக்க தப்பில்ல மக்கா. ஆனா இனி ஆருக்கு டிக்கெட் போட்டாலும் ரூம் நம்பர எழுத்துல வாங்கிட்டுப் போடு. அந்த நம்பருக்கு வெளிய என்ன தொங்குதுன்னும் பாத்துச் சொல்லு" என்றார்.

வினோஜ் அப்படியே செய்கிறான். மே மாதம் கிரேசியும் அவள் புருஷனும் அதே கப்பலில் போகிறார்கள். ஆறாம் தட்டா, ஏழாம் தட்டா என்று கேட்கக் கிரேசி இப்போது தினமும் ஞானபாய் வீட்டுக்கு வருகிறாள்.